பாதி தேய்த்த கதவு

எண்பத்திமூன்றாம் வருஷம் முதலியார்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருந்தேன். பழசு என்று வாங்கி, பழமை என்று விற்பது என் தொழில்.

ஒருநாள் காலை காண்ட்ராக்டர் தணிகாசலம் ஒரு டெண்டர் காகிதத்தோடு வந்தான். கடற்கரைப் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸ். அதில் நாற்பது கதவுகள், கதவுக்கு இரண்டு பித்தளைக் கைப்பிடி. எல்லாம் பிரெஞ்சுக்காரன் காலத்தது, கறுத்துப்போய் இருந்தன.

"ரீஃபர்பிஷ் பண்ணணும்னு போட்டிருக்கான். அப்படின்னா பழசக் கழட்டிட்டு புதுசு மாட்டுறது. நான் அலுமினியம் மாட்டிடறேன். பித்தளை எம்பதும் உனக்கு. வேணான்னு சொல்லிடுவியா?"

நான் சொல்லவில்லை. சொல்லியிருப்பேன் என்று நினைப்பவர்கள், இந்தக் கடையை ஆரம்பித்து, வந்த எதையும் வேண்டாம் என்று சொல்லாத என் அப்பாவைப் பார்த்ததில்லை.

வாசலில் அஞ்சலாட்சி ஒரு குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மில்லில் ஆள் குறைத்தபோது வேலை போனவள். என் கடையில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை. மற்ற நாளில் அடுப்பு எரிந்தால் உண்டு.

உள்ளே, விற்காத சாய்வு நாற்காலியில், எல்லோரும் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்று கூப்பிடும் தேவதாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சிப்பாய்; ஊரில் சொல்தா என்பார்கள். நாற்காலியை வாங்கவும் மாட்டார், அதைவிட்டு எழுந்திருக்கவும் மாட்டார்.

"அது எங்க பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைடா தணிகாசலம்," என்றார். "ஃபுர்பீர்னா கத்தி, துப்பாக்கியெல்லாம் பளபளன்னு தேய்க்கிறது. முன்னால ரீ போட்டா, திரும்பவும் தேய்னு அர்த்தம். புதுசு மாட்டுறதுன்னா, எங்க பட்டாளத்துக் கப்பித்தேன் தினம் காலையில ஆளுக்கொரு புதுத் துப்பாக்கி இல்ல குடுத்திருக்கணும்?"

தணிகாசலம் சிரித்தான். அஞ்சலாட்சி விளக்கைக் கீழே வைத்தாள்.

"தேய்க்கிற வேலையா? அப்ப அது என் வேலை. எம்பது கைப்பிடி, ஒரு மாசத்துக்கு ஆவும்."

"ஏம்மா, டெண்டர் எடுத்தது நானு!"

"டெண்டர நீ எடுத்துக்க. கைப்பிடிய எதுக்கு எடுக்கிற?"

புளியும் செங்கல்தூளும் ஒரு துணியில் முடிந்துகொண்டு நேரே அந்த ஆபீஸுக்கு நடந்தாள். தணிகாசலம் பின்னால் ஓடினான். என் எண்பது கைப்பிடிக்குக் காவலாக நானும் போனேன்.

அங்கே எஞ்சினியர் சக்கரபாணி நல்ல மனிதர், கையெழுத்துப் போடுவதைத் தவிர எதற்கும் தயார். முசே சொன்ன அர்த்தத்தை அஞ்சலாட்சி சொன்னதும் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். "சொல்தா சொன்னதுதான் போட்டிருக்கு. ஆனா ஃபைல் நகர்ந்துடுச்சேம்மா. நாளான்னிக்கு வா."

"நாளான்னிக்கு வந்தா கைப்பிடி இருக்காது சார்."

வாசலின் இரட்டைக் கதவு முன்னால் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். பியூன் அம்மாவாசை விரட்ட வந்தான்.

"தூக்கணும்னா தூக்கு. கையெல்லாம் புளியும் செங்கல்தூளும். உன் வெள்ளச் சட்ட, உன் பாடு."

அவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

மூன்று மணி நேரத்தில் இடப்பக்கக் கைப்பிடி பொன்னாக எழுந்தது. அதில் ஒரு சிங்கமுகம் இருந்தது. தினம் அதைப் பிடித்துத் திறந்த ஒருவருக்கும் அதுவரை தெரியாது. அவள் மூட்டையைக் கட்டி எழுந்தாள்.

"இன்னொண்ணு?" என்றார் எஞ்சினியர். மறுநாள் காலை அந்த வாசல் வழியாக டெல்லி அதிகாரி வருகிறாராம். கதவோ ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் கருமாதி.

"அதுக்கு எழுதிக் குடுங்க. எம்பதுக்கும்."

"நான் இப்பவே அலுமினியம் மாட்டிடறேன் சார்!" என்றான் தணிகாசலம்.

"மாட்டிட்டு, இந்தச் சிங்கம் எங்கய்யா போவும்?" என்றார் எஞ்சினியர்.

தணிகாசலம் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

"மிச்சத்தத் தேய்ம்மா, காகிதம் அப்பறம் பாக்கலாம்."

"மொதல்ல காகிதம் சார். அலுமினியம் போட்டா அது கறுக்காது, ஆனா நாளைக்கு டெல்லிக்காரர் முன்னால உங்க மூஞ்சி கறுத்துப்பூடும்."

சக்கரபாணி சிரித்துவிட்டார். எழுதினார், கையெழுத்தும் போட்டார். அவள் காகிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"படிங்க மொதலாளி. உள்ளத உள்ளபடி படிங்க."

எத்தனையோ காகிதத்தை எனக்கு வேண்டியபடி படித்துக் காட்டியவன் நான். இதை அப்படியே படித்தேன்: எண்பது கைப்பிடியையும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கூலி காண்ட்ராக்டர் தர வேண்டும். எதையும் கழற்றக் கூடாது.

"அந்தக் கடைசி வரிய," என்றாள், "காண்ட்ராக்டருக்குக் கேக்குற மாதிரி இன்னொரு வாட்டி."

படித்தேன். அவள் வலப்பக்கக் கதவின் முன்னால் உட்கார்ந்தாள்.