செல்லோவின் நோயைச் சொன்னவள்

பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன் சித்தப்பா மஃபா எழுந்தார். செத்தவனுக்கு என்ன நோய் என்று ஊருக்குச் சொல்வது அந்த வீட்டில் அவர் பொறுப்பு. கம்பளியைத் தோளில் சரிசெய்துகொண்டு, "சின்ன சீக்குதான். கர்த்தர் கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்.

லிபுவோவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செல்லோ அவளுடைய தம்பி. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத்தில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, லெசோத்தோ மலைக்குத் திரும்பி வந்தவன். குளிர்காலம் முழுக்க இருமினான். குதிரையில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குக் கூட்டிப் போனவள் அவள்தான்.

நேற்று பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸ் தகானே போன் செய்தாள். "ரிசல்ட் வந்திருச்சு லிபுவோ. செல்லோவுக்கு டிபி. நாளைக்கே கூட்டிட்டு வா, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

"பெட்டியோட கூட்டிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு லிபுவோ போனைத் துண்டித்திருந்தாள்.

இப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சின்ன சீக்கா, சித்தப்பா? ரத்தமா துப்புனானே, நீங்க பாக்கல?"

"பொம்பள பேசுற நேரமா இது? உக்காரு."

"உக்காந்து உக்காந்துதான் அவனக் கொன்னோம். கேட்டுக்கங்க எல்லாரும். அவனுக்கு டிபி. சளியச் சோதிக்கிற மிஷின் நம்ம கிளினிக்குலயே இருக்கு. அதுல போடுற கார்ட்ரிட்ஜ் இல்லையாம். சரி, ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னா எடுத்துட்டுப் போற பைக் ரிப்பேர். அவன் சளி ஜன்னலோரம் வெயில்ல கெட்டுப்போச்சு. திரும்பத் துப்புன்னாங்க. துப்புனான். அதுக்குள்ள இருமல் மருந்து கொடுத்தாங்க, இருமல் மருந்து!"

பின்வரிசையில் நின்றிருந்த தகானே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ சொல்றது நிசம். ஜில்லாவுல கேட்டுக் கேட்டு நானும் அலுத்துட்டேன்."

"அலுத்துக்க உனக்கு உசிரு இருக்கு, சிஸ்டர்."

லிபுவோ கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க யாரெல்லாம் இருமுறீங்க? வெக்கப்படாம கையத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. ஆனால் சித்தப்பா கம்பளிக்குள் வாயைப் பொத்திக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை குதிரைகள் கிளினிக் முற்றத்தில் நின்றன. இருமுகிறவர்கள், அவர்களோடு ஒரே வீட்டில் படுக்கிறவர்கள் என்று எல்லோரையும் லிபுவோ இழுத்து வந்திருந்தாள். செல்லோவின் மகள் அவள் முதுகில் கட்டப்பட்டிருந்தாள். எல்லோரையும் சோதிக்க ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி கேட்டு தகானே போன் செய்தாள். வண்டி இல்லை என்றார் அதிகாரி. லிபுவோ போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயா, மிஷினத் திறந்துவைக்க வந்தப்போ உங்களுக்கு வண்டி இருந்துச்சே? அத அனுப்புங்க. வர்ற வரைக்கும் நாங்க இங்கதான் படுப்போம். உங்க வாசலுக்கு வரணும்னாலும் சரி, அங்கயே வந்து இருமுறோம்."

பொழுது சாய்வதற்குள் வண்டி வந்தது. ஏற்ற வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

சோதித்ததில் சித்தப்பாவுக்கு டிபி இருந்தது. செல்லோவின் மகளுக்கும் இருந்தது. இரண்டு பேரும் மாத்திரை விழுங்கத் தொடங்கினார்கள். குழந்தை கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தது. சித்தப்பா லிபுவோவின் முகத்தைப் பார்க்காமலே, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று சாப்பாட்டுத் தட்டை நீட்டினார்.

"நல்ல வேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம்" என்றாள் தகானே.

"நாம எங்க கண்டுபிடிச்சோம்? அவன் செத்துல்ல காட்டுனான்" என்றாள் லிபுவோ. கிளினிக்கின் பின்னறையில் மிஷின் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் இன்னும் சும்மாதான் கிடந்தது.