செல்லப்பன் கடைப் படி

செஞ்சி பஜாரில் நடப்பதென்றால் ரோட்டில்தான் நடக்க வேண்டும். ஓரம் முழுக்கக் கடைப்படிகளும் தகரப் பந்தல்களும், அவற்றுக்கு முன்னால் பைக்குகளும் நிற்கும். போன மாசியில் ஒரு பஸ்ஸின் கண்ணாடி இடித்து, ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வசந்தாவுக்குத் தோள்பட்டை எலும்பு விலகிவிட்டது. வார்டு கவுன்சிலர் வளர்மதி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, பஜாருக்கு நடைபாதை வேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினாள். அப்புறம் கூட்டத்துக்குக் கூட்டம் அதே பேச்சுதான். கோட்டையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அதிகமாக வரத் தொடங்கியிருந்த நேரம். ஒருவழியாகப் பணம் ஒதுக்கினார்கள்.

இஞ்சினியர் வீரமணி சுண்ணாம்புக் கோடு போட்டார். அது செல்லப்பனுடைய பெயிண்ட் கடைப் படிக்கு நடுவே போனது. செல்லப்பன் வளர்மதிக்குக் கொழுந்தன். தேர்தலில் அவளுக்காகக் கொளுத்தும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, நம்ம கடைக்கிட்ட மட்டும் கோட்ட கொஞ்சம் ரோட்டுப் பக்கமா தள்ளச் சொல்லுங்க. நீங்க சொன்னா செய்றேன்றாரு இஞ்சினியரு."

"உனக்குத் தள்ளுனா பக்கத்துக் கடைக்காரன் சும்மா இருப்பானா?"

"அவன் இன்னா, உங்களுக்கு ஓட்டு கேட்டானா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த வளர்மதியின் கணவன் சேரன் தட்டைப் பார்த்தபடியே, "அவன் சொல்றதும் நாயம்தான்" என்றான்.

மறுநாள் காலையில் அவள் வீரமணியிடம் போனாள். "கோடு போட்டபடியே இருக்கட்டும் சார். மொதல்ல அந்தப் பெயிண்ட் கடையில இருந்தே ஆரம்பிங்க. இல்லன்னா வேற எவனும் எடுக்க மாட்டான்."

ஜேசிபி வந்த அன்று அவளும் போய் நின்றாள். செல்லப்பன் கடைப் பந்தல் நிழலில் பல வருஷமாகப் பூ விற்று வந்த அமிர்தவல்லி, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள்.

"நடக்கறவங்களுக்கு வழி உட்டீங்க, சரிம்மா. குந்தி யாவாரம் பண்றவ எங்க போறது?"

வளர்மதி அதை யோசித்திருக்கவில்லை. அதற்குள் இரண்டு இடியில் படி பெயர்ந்து விழுந்தது. செல்லப்பன் வந்து அமிர்தவல்லியின் கூடையை வாங்கிக் கடைக்குள் பெயிண்ட் டப்பாக்களின் மேல் வைத்தான். அண்ணியின் பக்கம் திரும்பவேயில்லை.

அமிர்தவல்லி கேட்ட கேள்வி வளர்மதியை விடவில்லை. அடுத்த கூட்டத்தில், பாதையை ஒட்டி உட்கார்ந்து விற்பவர்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். பாதி பேர் சிரித்தார்கள். "இடிக்கச் சொன்னதும் நீதான், இப்ப குந்த வைக்கச் சொல்றதும் நீதானா?" என்றார் ஒரு மூத்த கவுன்சிலர்.

"ஆமாங்க, ரெண்டும் நான்தான்" என்றாள்.

மழைக்காலம் முடியும்போது வேலை முடிந்தது. ஒரே மட்டமாகக் கல் பாவிய பாதை, பைக் ஏறாதபடி இரும்புக் குத்துக்கால்கள், வேப்பமரத்தடியில் பூ, பழம் விற்பவர்களுக்கு இடம், உட்காரக் கல் பெஞ்சுகள். வண்டி நிறுத்த இடமில்லை என்று கடைக்காரர்கள் கொஞ்ச நாள் கத்தினார்கள். பிறகு சாயங்காலமானால் பிள்ளைகளோடு ஆட்கள் நடக்க வந்தார்கள், கத்தல் குறைந்தது. செல்லப்பன் கடைக்குள்ளேயே படியை மடக்கிக் கட்டிக்கொண்டான். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. ஆனால் அவன் அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை.

தையில் அவன் மகள் பூங்குழலிக்கு நிச்சயதார்த்தம். சேரனுக்கு மட்டும் போன் வந்தது.

"நீயும் கெளம்பு. வந்தவள போன்னா சொல்லிடுவாங்க?" என்றான் சேரன்.

"ஒரு வார்த்த கூப்டட்டும், வரேன்."

பூங்குழலியைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் அவள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நேரமாகிறது என்று சேரன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன் அடிக்கவேயில்லை.

வீட்டில் இருக்க முடியாமல் பஜாருக்கு நடந்தாள். வெயில் இறங்கி, கோட்டை நிற்கும் ராஜகிரி மலை கறுக்கத் தொடங்கியிருந்தது. பெஞ்சுகளில் இடமில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து கொடுத்தாள்.

"குந்துங்கக்கா. அவலூர்பேட்ட பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதாம். முன்னெல்லாம் நின்னே காலு வீங்கிப்போவும். எந்த மகராசன் போட்டானோ, நல்லா இருக்கட்டும்."

வளர்மதி தலையாட்டினாள்.

"பட்டெல்லாம் கட்டியிருக்கீங்க, வீட்ல விசேஷமா?"

"ஆமா, பொண்ணுக்கு நிச்சயம்."

"அப்ப இங்க குந்தினுகீறீங்க?"

"சும்மா," என்றாள் வளர்மதி. "கொஞ்சம் காத்தாட வந்தேன்."