இறங்கியாச்சு

சலூனில் வேலை பார்க்கிறவனுக்கு உலகச் செய்தி ஓசியில் கிடைக்கும். கத்தரிக்குத் தலையைக் கொடுத்தவன் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டான். போர் எப்போது முடியும், தங்கம் எங்கே போய் நிற்கும், எந்த நாட்டுக்காரன் எவன் காலை வாருகிறான், எல்லாம் என் நாற்காலியில்தான் தீர்மானமாகிறது. அதில் பாதி எனக்குப் புரியாது. புரிந்தது ஒன்றுதான்: எங்கோ குண்டு விழுந்தால் இங்கே எவனோ கொழிக்கிறான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

அந்த எவனோவோடு நானும் சேர்ந்துகொண்டேன். கடைக்கு வரும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் உலக வங்கி. "சண்டை பெருசாகும். எண்ணெய்க் கம்பெனி பங்குல போடுங்க, கண்ணை மூடிட்டு இருங்க" என்றார். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்ததைத் தூக்கிக் கொடுத்தேன். இரட்டிப்பானதும் இரண்டு கண்ணையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம் என்று அம்மாவிடமும் சொன்னேன். "விலை ஏறினா நமக்கு நல்லதும்மா" என்றேன். பேராசைக்காரனுக்குக் கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும்.

என் தம்பி எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். கப்பலில் கால் வைத்ததும் "ஏறியாச்சு" என்று என் போனுக்கு அனுப்புவான். கரைக்கு வந்ததும் "இறங்கியாச்சு". வேறு ஒரு எழுத்து கூட இருக்காது. அம்மாவுக்குப் பார்வை மங்கல். இந்த இரண்டு சொல்லை மட்டும் நீளத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். ஒருநாள் இதைப் பார்த்த உலக வங்கி, "அட, சிக்கனமா இருக்கே" என்று தானும் பிடித்துக்கொண்டார். விலை கூடினால் "ஏறியாச்சு", குறைந்தால் "இறங்கியாச்சு". எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பிறகு சண்டை கடலுக்கு வந்தது. தம்பியின் கப்பல் போக வேண்டிய ஜலசந்தியிலேயே கப்பல்களை அடிக்கத் தொடங்கினார்கள். "அதுக்கு முந்தின துறைமுகத்துல எறக்கி விடறேன்னு கேப்டன் சொல்லியிருக்காரு. கவலைப்படாதீங்க" என்றான் தம்பி போனில். அதோடு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மா சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்துவிடுவாள். "போனை என்கிட்டயே வச்சுட்டுப் போடா" என்றாள். வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று மதியம் கடை டிவியில் சமாதானப் பேச்சு என்று ஓடியது. ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது முதலாளியின் போனில் அம்மா வந்தாள்.

"இறங்கியாச்சுன்னு வந்திருச்சுடா" என்றாள். அவ்வளவுதான், அழத் தொடங்கிவிட்டாள்.

திரும்பி வந்து கத்தியைத் தலைகீழாக எடுத்தேன். சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "இன்னைக்கு நீ கத்தியைத் தொடாத, வீட்டுக்குப் போ. அவர் கழுத்து பொழைக்கட்டும்" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே நடந்தேன். வழியெல்லாம் அந்தக் கேப்டனை வாழ்த்தினேன்.

வீட்டில் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் வந்ததும் பெண் பார்ப்பது வரை போய்விட்டாள். நான் போனை எடுத்துப் பார்த்தேன்.

"இறங்கியாச்சு." மேலே பெயர்: உலக வங்கி.

சமாதானம் என்றதும் எண்ணெய் விலை விழுந்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

பின்கட்டுக்குப் போய்த் தம்பியின் எண்ணை அழுத்தினேன். மணியே அடிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். அவன் கடைசியாக அனுப்பியது "ஏறியாச்சு" என்பதுதான். அதற்குக் கீழே வெற்றிடம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன்.

கையில் போன் அதிர்ந்தது.

"ஏறியாச்சு. பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சு. ஜலசந்தியில ரெண்டு எண்ணெய்க் கப்பல் எரியுது. நம்ம காசு தப்பிச்சுது."

எந்தக் கப்பல் என்று அவர் எழுதவில்லை. அவருக்கு அது தேவையுமில்லை.

"யாருடா, தம்பியா?" என்று உள்ளிருந்து கேட்டாள் அம்மா.

"இல்லம்மா." போனைச் சட்டைப்பையில் போட்டேன். "விலை ஏறியிருக்காம்."

"நல்லதாப் போச்சு. அவனும் இறங்கிட்டான், விலையும் ஏறிடுச்சு" என்றாள். "கைய கழுவிட்டு வா. உனக்கும் போடறேன்."

நான் போய் உட்கார்ந்தேன். அம்மா தட்டைத் தடவி எடுத்து எனக்குச் சோறு போட்டாள்.