கலீஜ் போனதால் கலங்கிய தொட்டி

வியாழக்கிழமை காலையில் ஜீனத் எழுந்து ஹாலில் விளக்கைப் போட்டபோது, மீன்தொட்டியில் யாரோ பால் ஊற்றி வைத்ததுபோல் இருந்தது.

மூன்றடி நீளத் தொட்டி. முந்தின நாள்வரை பின்கண்ணாடியில் ஊரும் நத்தையின் கொம்புகூடத் தெரிந்த தண்ணீர். இப்போது முன்னால் இருந்த செடிகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. பின்னால் ரிப்பன் ரிப்பனாக நின்ற நீளச் செடிகளைக் காணவே காணோம். சிவப்பும் நீலமுமாகக் கூட்டம் போட்டுத் திரியும் சின்ன மீன்கள் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"யா அல்லா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்.

தண்டையார்பேட்டையில் மாடி வீடு. ஹாலின் ஒரு மூலையில் ஜீனத்தின் தையல் மிஷின், அதற்கு எதிரே இந்தத் தொட்டி. ஊசியில் நூல் கோக்கிற நேரமெல்லாம் அவள் கண் அங்கேதான் இருக்கும். செடி வைத்து மீன் வளர்க்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குரூப் உண்டு. பெரும்பாலும் அண்ணா நகர், அடையாறு, வேளச்சேரி ஆட்கள். போன மாதம் அதில் தன் தொட்டியைப் படம் எடுத்துப் போட்டாள். வேளச்சேரியிலிருந்து மகிழினி என்கிற பெண் உடனே எழுதினாள்: "அக்கா, செம. இது உங்க டேங்க்தானா, நெட்ல எடுத்ததா?" இன்னொருவர், "தண்டையார்பேட்டை தண்ணில இதெல்லாம் வளருமா?" என்று கேட்டார்.

கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதுதான் ஜீனத்துக்கு அதிகம் உறுத்தியது. தையலை நிறுத்திவிட்டுக் குரல் பதிவு ஒன்று அனுப்பினாள்.

"நெட்டும் இல்ல, கிட்டும் இல்ல. எங்க வூட்டு ஹால்ல கீது. பேசின் பிரிட்ஜத் தாண்டி வந்து கண்ணால பாருங்க. பிரியாணி நான் போடறேன்."

குரூப் இதுவரை கூடியதெல்லாம் அந்தப் பக்கத்து வீடுகளில்தான். இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. வந்து பார்க்கும்போது தொட்டியில் பால் இருந்தால், படம் திருட்டுப் படம்தான் என்று வாய் திறந்து யாரும் சொல்ல மாட்டார்கள். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு மனசுக்குள் சொல்லிக்கொண்டு போவார்கள்.

முதலில் காற்றுக்குழாயைப் போட்டாள். குமிழ் கிளம்பியதும் மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. பிறகுதான் யோசனை ஓடியது. முந்தின நாள் ஒரு செடியைப் பிடுங்கி நட்டிருந்தாள். அந்த மண் கிளம்பியிருக்குமோ? ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஜன்னலோரம் வைத்தாள். மண்ணாக இருந்தால் அடியில் உட்காரும். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். உட்காரவில்லை. சட்டையொன்றுக்குக் காலர் வைத்து முடித்துவிட்டுப் பார்த்தாள். டம்ளரின் அடி சுத்தமாக இருந்தது, தண்ணீர் மட்டும் அதே பால்.

ஜன்னல் வழியாக வரும் கரித்தூளும் இல்லை. அது கறுப்பு. மேலே மிதக்கும், காகிதத்தைப் போட்டு எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாசி என்றால் பச்சையாக இருக்கும். இது வெள்ளை.

அப்போதுதான் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தாள். உள்ளே பக்கெட் மாதிரி ஃபில்டர். தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கி, ஸ்பாஞ்சிலும் மண்வளையங்களிலும் புகுந்து திரும்ப மேலே போகும். மூடியைக் கழற்றினாள்.

உள்ளே ஸ்பாஞ்ச் கல்யாணப் பெண் கைக்குட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்திருந்த அவள் கணவர் தமீம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எர்ணாவூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஷெட்டில் மெக்கானிக். அந்த ரோட்டுத் தூசியில் மூச்சு முட்டி வரும் லாரிகளுக்கு ஏர்ஃபில்டரைக் கழற்றி, ஊதி, தட்டி, புதுசாக்கி மாட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. தமீம் பாய் கை வைத்தால் இன்ஜின் பாட்டுப் பாடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

"ஏங்க, இந்த ஃபில்டர யாராச்சும் தொட்டாங்களா?"

தமீமின் முகத்தில் ஒரு பெருமை மெதுவாக மலர்ந்தது.

"கண்டுபுடிச்சிட்டியா? ஞாயித்துக்கெழம வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"இன்னா பண்ணீங்க?"

"செவ்வாக்கெழம நீ புளியந்தோப்புல உங்க அக்கா வூட்டுக்குப் போனல்ல, அப்ப ஷெட்டுக்குத் தூக்கிகினு போய்ட்டேன். தொறந்தா, இன்னா கலீஜ் தெரியுமா? பழுப்பா, கொழகொழன்னு, சேறு. இத்த உள்ள வெச்சிகினு நாலு பேர வூட்டுக்குக் கூப்ட்டுருக்கியேன்னு எனக்கே வெக்கமாப் பூட்ச்சு. பிளீச்சிங் பவுடர்ல ஊற வெச்சி, பைப்புல அடிச்சி, கம்ப்ரஸர்ல ஊதி, வெயில்ல காய வெச்சி, அப்பால மாட்டுனேன். கடையில வாங்குன மேரி கீதா இல்லியா, சொல்லு."

ஜீனத் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

"அந்தக் கலீஜ்லதாங்க எல்லாமே கீது" என்றாள்.

"எல்லாமேன்னா?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. நல்ல கிருமி. மீனு கழியறது, மிச்சம் தீனி, எல்லாம் தண்ணியில வெசமா மாறும். அத்தத் தின்னு தீக்கறது அதுங்கதான். ஸ்பாஞ்சுலயும் வளையத்துலயும் குடித்தனம் பண்ணிகினு இருந்துச்சு. நீங்க மொத்த சனத்தையும் காலி பண்ணிட்டீங்க. இப்ப கேக்க ஆளில்லாம வேற கிருமிங்க தண்ணியிலயே பெருகிகினு போவுது. அதான் இந்தப் பாலு."

தமீம் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். தொட்டியைப் பார்த்தார்.

"லாரி ஃபில்டர் அப்பிடி இல்லியே, ஜீனத்."

"இது லாரி இல்லியே."

"ஃபில்டர்னுதானே பேரு வெச்சிகிறான்?"

அவள் ஃபில்டர் மூடியைத் திரும்ப மாட்டினாள்.

தமீமே மறுபடி ஆரம்பித்தார். "போன் பண்ணி ஊருக்குப் போறோம்னு சொல்லிடு."

"அப்ப நெட்ல எடுத்த படம்தான்னு முடிவே கட்டிருவாங்க."

"கடையில பாட்டில் விக்கறானாமே, ஊத்துனா தண்ணி கண்ணாடி மேரி ஆவுமாம்."

"கலங்கல அடியில உக்கார வெக்கும், அவ்ளோதான். வெசம் அங்கயேதான் இருக்கும். வர்றவங்களுக்குக் கண்ணாடி, மீனுக்கு மவுத்து. வோணாம்."

அவள் போனை எடுத்து ராயபுரம் ஃப்ளோராவைக் கூப்பிட்டாள். குரூப்பில் இந்தப் பக்கத்து ஆள் என்றால் அவளும் ஃப்ளோராவும்தான். ஃப்ளோரா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். மகன் முதல் வகுப்புச் சேர்ந்த வருஷம் வைத்த தொட்டி அவருடையது. மகன் இப்போது கப்பலில் வேலை பார்க்கிறான்.

"உன் வூட்டுக்காரரு கழுவிட்டாரா?" என்று ஃப்ளோரா சிரித்தார். "ஏம்மா, என் வூட்டுக்காரரு தின்ன தட்டக்கூடக் கழுவ மாட்டாரு. நீ குடுத்து வெச்சவ."

"அக்கா, வெளாடாதீங்க. ஞாயித்துக்கெழம ஆளுங்க வர்றாங்கோ."

"சரி சரி, பேஜாராவாத. என்னாண்ட ஃபில்டர்ல ரெண்டு ஸ்பாஞ்ச் கீது. ஒண்ணு நீ எடுத்துக்கோ. நல்ல பழைய கலீஜ். தொட்டித் தண்ணியிலயே போட்டு ஈரம் காயாம எடுத்துகினு போவணும். ஜல்தியா வா."

தமீம் ஷெட்டுக்கு லீவு சொன்னார். "நான் பண்ண வேல, நானே தூக்கியாரேன்" என்று பெரிய தூக்குச்சட்டியை அவரே எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அந்தத் தூக்கு அவர் மடியில் இருந்தது. உள்ளே ஃப்ளோரா வீட்டு ஸ்பாஞ்ச், கறுப்புக் காபி நிறத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூடியை அமுக்கிப் பிடித்தார். எதிரே காசிமேட்டிலிருந்து காலிக் கூடையோடு வந்த அம்மா மூக்கைச் சுளித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா அது, கொயம்பா?"

"கொயம்பு இல்லம்மா. கலீஜு."

"கலீஜயா இப்பிடிப் பொத்திப் பொத்தி எடுத்துகினு போறே?"

"எங்க வூட்ல தீந்து பூட்ச்சு" என்றார் தமீம்.

ஆட்டோவே சிரித்தது. ஜீனத் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைத் திறந்து, வெள்ளை ஸ்பாஞ்சுக்கு மேலே அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சைக் குடிவைத்தாள். தூக்கில் மிச்சமிருந்த சாற்றையும் வளையங்களின் மேல் ஊற்றினாள். தொட்டித் தண்ணீரில் கால்வாசியை இறைத்துவிட்டு, டிரம்மில் பிடித்து வைத்து குளோரின் வாடை போயிருந்த தண்ணீரை மெதுவாக விட்டாள். தீனியை நிறுத்தினாள். அடியில் இரண்டு குட்டி இறால் செத்துக் கிடந்தன. எடுத்து ரோஜாத் தொட்டியில் புதைத்தாள். தமீம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிச் செய்ய ஒன்றுதான் பாக்கி. அவள் போனை எடுத்து, பால் தொட்டியை அப்படியே படம் பிடித்தாள்.

"இத்தயா போடப் போற?" என்றார் தமீம். "அசிங்கமா இருக்குமே."

"ஞாயித்துக்கெழம இன்னும் கொஞ்சம் கலங்கலா இருந்தா அப்ப பாத்துட்டு அவங்களா ஒண்ணு நெனச்சிக்கக் கூடாது. நானே சொல்லிடறேன்."

படத்தின் கீழே எழுதினாள்: "இன்னைக்கு என் டேங்க். ஃபில்டரை முழுசா கழுவினதால கலங்கிடுச்சு. பழைய ஸ்பாஞ்ச் போட்டிருக்கேன். ஞாயிறு நிச்சயம் வாங்க." யார் கழுவியது என்று எழுதவில்லை.

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். ஒரு சட்டைக் கை முழுதும் தைத்தபிறகுதான் திருப்பிப் பார்க்கும் தைரியம் வந்தது. ஆறுதலும் யோசனையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மகிழினி எழுதியிருந்தாள்: "அக்கா, ஸாரி. அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பால் மாதிரி இருக்கற டேங்கை யாரும் நெட்ல திருடிப் போட மாட்டாங்க. ஞாயிறு வரேன்."

ஜீனத் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தமீமுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"அப்ப நான் பண்ணதும் நல்லதுக்குத்தான்" என்றார் அவர்.

"வாய மூடிகினு குந்துங்க."

வெள்ளிக்கிழமை பால் மோரானது. சனிக்கிழமை பின்னால் இருந்த நீளச் செடிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மீன்கள் கீழே இறங்கி, பழையபடி கூட்டம் போட ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நத்தையின் கொம்பு தெரிந்தது. பக்கவாட்டில் நின்று நீளவாக்கில் பார்த்தால் மட்டும் லேசாக ஒரு புகை.

மகிழினியும் இன்னும் ஆறேழு பேரும் மெட்ரோவில் வந்து இறங்கினார்கள். ஃப்ளோரா கேக்கோடு வந்தார். ஹாலில் செருப்பில்லாத கால்கள் நிறைந்தன. வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தொட்டி முன்னால் குந்தினார்கள். பாசி போர்த்திய கட்டை, கல்லிடுக்கில் சிவப்பு இலை, கூட்டமாகத் திரும்பும் மீன். படத்தில் இருந்ததெல்லாம் அங்கே இருந்தது, படத்தில் இல்லாத அசைவோடு.

"போட்டோல பார்த்ததை விட நல்லா இருக்குக்கா" என்றாள் மகிழினி. பிறகு பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். "லேசா ஹேஸ் இருக்கு. ஃபில்டரை ஏன்க்கா அப்படிக் கழுவுனீங்க? உங்களுக்குத் தெரியாததா?"

ஜீனத் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாய் திறந்தாள். பிரியாணித் தட்டுகளோடு சமையலறையிலிருந்து வந்த தமீம் முந்திக்கொண்டார்.

"அவ கழுவலம்மா. நான்தான். லாரி மெக்கானிக்கு, பழுப்பக் கண்டா கை நிக்காது. என் கண்ணுக்கு கலீஜா தெரிஞ்சது, இவ கண்ணுக்கு ஒரு குடித்தனம். தண்ணி கலங்குனதும் இவ டம்ளர்ல மொண்டு வெச்சி, மண்ணா பாசியான்னு ஒவ்வொண்ணா தள்ளி, மத்தியானத்துக்குள்ள என்னிய வந்து புடிச்சிட்டா. எங்க ஷெட்ல இன்ஜின்ல கோளாறு புடிக்கக்கூட இந்த மேரி ஒருத்தன் கெடையாது."

சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது. ஜீனத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தட்டுகளை வாங்கி வைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த ஃபில்டரைப் பார்க்கலாமா அங்கிள்?" என்றாள் மகிழினி.

தமீம் அலமாரிக் கதவைத் திறந்தார். ஜீனத்தும் அப்போதுதான் பார்த்தாள். ஷெட்டில் லாரிகளுக்கு எழுத்து எழுதும் பெயின்டரைச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிட்டு வந்து, அவள் துணி கொடுக்கப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்திருக்கிறார். ஃபில்டரின் மூடியில், மஞ்சள் பட்டையில், சிவப்பு எழுத்தில், நிழல் கொடுத்து, இரண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு எழுதியிருந்தது: தொடாதே.

ஹால் அதிரச் சிரித்தார்கள். ஃப்ளோராவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "யாருக்கு எழுதுனது பாய், இது?" என்றார்.

"எனக்குத்தான்" என்றார் தமீம்.

எல்லோரும் போனபிறகு, பிரியாணி தேக்சாவை ஊற வைத்துவிட்டு ஜீனத் போனை எடுத்தாள். மகிழினி குரூப்பில் ஒரு படம் போட்டிருந்தாள். தொட்டி இல்லை. ஃபில்டர் மூடி. கீழே எழுதியிருந்தாள்: "இது நெட்ல எடுத்தது இல்லை. தண்டையார்பேட்டையில எடுத்தது."

ஜீனத் போனைத் தமீமிடம் நீட்டினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எழுத்து ஷோக்கா கீதுல்ல?" என்றார்.

"தண்ணியும்தான்" என்றாள் ஜீனத்.