பள்ளத்துக்கு வந்த கோன்ச்சோ

புயல் ஹெனாரோவின் கொல்லையில் நின்ற ஈரப்பலா மரத்தை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மரத்தை அறுத்து எடுத்துப் போனார்கள். பள்ளம் மட்டும் கிடந்தது. மழை அதை நிரப்பியது. மூடவேண்டும் மூடவேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஹெனாரோ, அடுத்த மழைக்காலத்தில் அதன் கரைக்குச் சிமெண்டு பூசிவிட்டார். அதற்குள் அங்கே குடிவந்துவிட்டவர்களை விரட்ட அவருக்கு மனம் வரவில்லை.

தீவின் தெற்கே யாவுக்கோ என்ற ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி எஃப்ராயினுக்குச் சிகாகோவில் ஒரு கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி போன் செய்வான். உடம்பு எப்படி, மழை உண்டா, கரண்டு வந்ததா என்று கேட்பான். பிறகு, "சரிண்ணே, வெச்சிடறேன்." அந்தக் கேள்விகள் தீர்ந்தபிறகு சொல்ல ஏதாவது வேண்டுமே என்றுதான் ஹெனாரோ பள்ளத்துக்கு வருகிறவர்களை அடையாளம் பார்க்கத் தொடங்கினார்.

குரோட்டன் இலைக்குள் இருந்து இரண்டு சுரத்தில் கூவுவது கோக்கீ என்ற குட்டித் தவளை. அது தண்ணீருக்கே வராது, செடியோடு சரி. நீர் விளிம்பில் சொட்டுச் சொட்டாகச் சத்தம் போடுவது வெள்ளை உதட்டுத் தவளை. முட்டைகளை நுரைக்குள் பொதிந்து வைத்திருக்கும். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு குறட்டை விடுவது கியூபா மரத்தவளை. காதுக்குப் பின்னால் விஷப்பை வீங்க, விருந்து சாப்பிட்டவன்போல அசையாமல் உட்கார்ந்திருப்பது, அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னக் கொண்டுவந்து விட்ட பெரிய தேரை. எல்லாவற்றையும் தம்பி கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு வைத்தான்.

பக்கத்து வீட்டு டோன்யா பூராவுக்குப் பள்ளத்தைக் கண்டாலே ஆகாது. கொசு பெருகுகிறதாம். "உன் கொல்லையில தவளைகூட ஜோடியாத் திரியுது, ஹெனாரோ. நீ ஒருத்தன்தான் டார்ச்சோட திரியறே" என்பாள்.

மே மாதம் ஒரு ஞாயிறு. தம்பி வைத்துவிடப் போகிறான் என்று குரலிலேயே தெரிந்தது. ஹெனாரோ சொல்லிவிட்டார்: "நம்ம பள்ளத்துக்கு ஒரு கோன்ச்சோ வந்திருக்குடா."

தம்பி வைக்கவில்லை. கோன்ச்சோ, தீவின் சொந்தத் தேரை. தெற்குக் கடலோரத்து வறண்ட காட்டில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சின்ன வயதில் உப்பளத்துப் பக்கம் ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லிச் சொல்லி, பார்க்காத அண்ணனை இத்தனை காலமும் சீண்டி வந்தவன் எஃப்ராயின்.

"மூக்கு எப்படி இருக்கு?"

"மேல தூக்கிட்டு. பணக்கார வீட்டு மாப்பிள்ளை மாதிரி."

"கண்ணுக்கு மேல மேடு?"

"இருக்குடா."

இல்லை. வந்திருந்தது பெரிய தேரையின் குஞ்சு. அது ஹெனாரோவுக்கு நன்றாகத் தெரியும்.

அதன்பின் தம்பி வார நாளிலும் கூப்பிட்டான். என்ன தின்கிறது, எந்தக் கல்லடியில் தூங்குகிறது என்று கேட்டான். படம் அனுப்பச் சொன்னான். வெளிச்சம் பட்டால் ஓடிவிடுகிறது என்று ஹெனாரோ சமாளித்தார். ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் எஃப்ராயின் சொன்னான்: "டிக்கெட் போட்டுட்டேண்ணே. நானே வந்து பாத்துக்கறேன்."

அம்மாவை அடக்கம் செய்தபோது வந்தவன். அதற்குப் பிறகு வரவில்லை. ஹெனாரோ உள்ளறைக்கு வெள்ளையடித்தார், புது மெத்தை வாங்கினார், டோன்யா பூராவிடம்கூடச் சொன்னார். உண்மையைச் சொன்னால் தம்பி வரமாட்டான். சொல்லாவிட்டால் வந்து பார்த்துவிடுவான். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது.

கோன்ச்சோக்கள் ஆண்டு முழுக்க மண்ணிடுக்கில் கிடந்து, பெருமழை பெய்தால் மட்டும் இனம்சேர ஓரிடத்தில் கூடும். தம்பி வருவதற்கு ஒரு வாரம் இருக்கையில் அந்த மழை பெய்தது. மூடிபோட்ட பெயிண்ட் வாளியை வண்டியில் வைத்துக்கொண்டு ஹெனாரோ உப்பளத்துக்குப் போனார். தேரையைத் தொட்டாலே குற்றம் என்று பலகை நட்டிருந்தார்கள். அதைத் தாண்டி இறங்கினார்.

பொழுது சாய்கிற நேரம். தேங்கிய தண்ணீர் முழுக்கத் தேரைகள், நீட்டி நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. தூக்கிய மூக்கு, கண்மேல் மேடு, பொன்னிறக் கண். ஆயுளில் முதல்முறையாகப் பார்த்தார். குனிந்து ஒன்றை அள்ளினார்.

கைக்குள் அது விட்டு விட்டுக் கத்தியது. இந்தக் கத்தல் எல்லாத் தேரைக்கும் பொது. ஓர் ஆண் இன்னோர் ஆணைப் பெண் என்று நினைத்துப் பிடித்துவிட்டால், பிடிபட்டது இப்படித்தான் சொல்லும்: நீ தேடுற ஆள் நான் இல்லை, விடு. பிடித்தது உடனே விட்டுவிடும்.

ஹெனாரோ கையைத் திறந்தார். அது தண்ணீரில் விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கூப்பிடத் தொடங்கியது.

அங்கேயே நின்று தம்பிக்குப் போன் செய்தார். அவராகச் செய்வது வழக்கமில்லை.

"என்னண்ணே, உடம்புக்கா?"

"உடம்பு நல்லாருக்கு. உப்பளத்துல நிக்கறேன்."

"பின்னாடி கத்தறது?"

"கோன்ச்சோ. தண்ணி பூரா இருக்கு. நம்ம வீட்டுக்கு எதுவும் வரலடா. வந்தது பெரிய தேரைக் குஞ்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"எதுக்குண்ணே?"

"நீ வெச்சிடுவியேன்னு."

"தேரை இல்லேன்னாலும் வந்திருப்பேன்னு சொல்லத்தான் நினைக்கறேன்," என்றான் தம்பி. "எனக்கே தெரியலண்ணே."

"எனக்குத் தெரியும். அதான் நீ வர்றதுக்கு முன்னாலயே சொன்னேன்."

லீவைக் கிறிஸ்துமஸுக்கு மாற்றிக்கொள்கிறேன், அப்போது ஆற அமர வருகிறேன் என்று எஃப்ராயின் சொன்னான். கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடங்கில் யாருக்கும் லீவு கிடையாது என்று புலம்புகிறவனும் அவன்தான். சரிடா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார் ஹெனாரோ.

பேச்சு முடிந்தபின் அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. இடப்பக்கம் கத்துவது கோன்ச்சோ. அதற்கு அப்பால் வெள்ளை உதடு. தூரத்துப் புதரில் கோக்கீ. ஒன்றுவிடாமல் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒருமுறை வாய்விட்டுப் பெயர் சொல்லிப் பார்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.