மூன்றாவது அட்டை கிடையாது

தலைவருக்கு வயது நாற்பத்தைந்து. அவர் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வீட்டின் வாசல் சாவி மேனேஜர் மேடத்திடம் இருந்தது. என்னிடம் இருந்தது. என்னோடு முறை மாற்றி வேலை பார்க்கிறவர்களிடம் இருந்தது. பிளம்பரிடம்கூட ஒன்று இருந்தது. குழாய்தான் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. தலைவரிடம் மட்டும் இல்லை.

தலைவர் என்பது நாங்கள் வைத்த பெயர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பார். திறந்து கிடக்கும் கதவையெல்லாம் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார். பேச்சு குறைவு. ஒரு சொல்லை வெளியே விடுவதற்கு முன் வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்ப்பார். எதிர் அறையில் இருப்பவர் ரேடியோ அக்கா. காலையில் காதில் விழுந்ததை மத்தியானம் அப்படியே ஒலிபரப்புவார். ஏற்ற இறக்கம்கூட மாறாது.

சின்ன வயதிலிருந்தே இருவருக்கும் படிப்பு, கணக்கு, பேச்சு எல்லாம் மெதுவாகத்தான் வந்தன. இப்படிப்பட்டவர்கள் விடுதியில் அடைபடாமல் தனி வீடு எடுத்து, எங்களைப் போன்றவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாழ்வதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. “இது அவங்க வீடு தம்பி. நாம துணைக்கு மட்டும்தான்” என்று நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேடம் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். மணி அடிக்கவில்லை.

அதற்கு முன் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பாதியில் ஓடிவந்தவன் நான். அங்கே பெட்டிகளை அடுக்குவோம். எந்த அலமாரி வேண்டும் என்று எந்தப் பெட்டியையும் கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். கேட்ட விதம்தான் கொஞ்சம் விசேஷம்.

மேடம் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பட அட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். எதையும் திணிக்கக் கூடாதாம். இரண்டு அட்டையைக் காட்டி அவர்களையே முடிவெடுக்கச் சொல்ல வேண்டுமாம். நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? இப்போது குளிக்கிறீர்களா, டீ குடித்துவிட்டுக் குளிக்கிறீர்களா? கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் எதைத் தொட்டாலும் குளித்தாக வேண்டும். குளிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க அட்டை கிடையாது.

தலைவர் இரண்டு அட்டையையும் நிதானமாகப் பார்ப்பார். பிறகு மேடத்தின் கையைப் புரட்டி, பின்பக்கம் இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்.

“பாத்தீங்களா, இவருக்கு எப்பவும் விளையாட்டுதான்!” என்று மேடம் சிரிப்பார்.

எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, வாசலில் நான் சாவியை எடுத்ததும் தலைவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு.”

“என்ன தலைவரே?”

“சாவி. எனக்கு.”

இந்த ஒரு சொல்லுக்காகக் கூட்டம் போட்டார்கள். தலைவரின் தங்கச்சி வந்திருந்தார். அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர். வாரம் தவறாமல் வந்து அவருக்கு நகம் வெட்டிவிடுவார். அவருக்கே வெட்டத் தெரியும் என்று நான் சொன்னால் என்னை முறைப்பார்.

“ஐயையோ, அண்ணன்கிட்டயா? காலையில குடுத்தா மத்தியானம் தொலைச்சிட்டு நிப்பாரு” என்றார் தங்கச்சி. அப்போது அவர் தன் கைப்பையை மேசைமேல் கவிழ்த்துத் துழாவிக்கொண்டிருந்தார். சீப்பு விழுந்தது, மாத்திரை விழுந்தது, யாருடைய கண்ணாடியோ விழுந்தது. “என் ஸ்கூட்டர் சாவியைப் பாத்தீங்களா யாராவது?”

தலைவர் எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டரிலேயே தொங்கிக்கொண்டிருந்த சாவியைப் பிடுங்கிவந்து தங்கச்சி முன்னால் வைத்தார்.

“எவ்வளவு சமத்து பாருங்க எங்க அண்ணன்!” என்று தங்கச்சி அவர் கன்னத்தைத் தடவினார். “ஆனா வீட்டுச் சாவி மட்டும் வேண்டாம் மேடம்.”

“பார்க்கலாம்” என்றார் மேடம். எங்கள் தொழிலில் ‘பார்க்கலாம்’ என்றால் பார்க்க மாட்டோம் என்று பொருள்.

அன்றிலிருந்து, நாங்கள் யார் வாசல் கதவைத் திறந்தாலும் தலைவர் பக்கத்தில் வந்து உள்ளங்கையை நீட்டுவார். நாங்கள் அதில் ஒன்றும் வைக்க மாட்டோம். சிலர் கை குலுக்கிவிட்டுப் போவார்கள். அவர் கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிடுவார். மறுநாள் மறுபடியும் நீட்டுவார்.

இப்படி இருக்கும்போதுதான், இந்த மாதிரி வீடுகளைச் சோதித்து மதிப்பெண் போடும் ஆய்வாளர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. மேடத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரைச்சீலை மாறியது. உடைந்த நாற்காலி என் அறிவுரைப்படி சரிசெய்யப்படாமல், மேடத்தின் அறிவுரைப்படி கொல்லையில் ஒளிக்கப்பட்டது. அத்தோடு விடவில்லை. தலைவருக்கு ஒத்திகை வைத்தார்.

“இது யார் வீடு?”

“என் வீடு.”

“யார் வந்தாலும் உள்ளே விடலாமா வேண்டாமான்னு யார் முடிவு பண்ணணும்?”

“நான்.”

இதற்கென்றே இரண்டு புது அட்டைகள் வந்தன. ஒன்றில் திறந்த கதவு, இன்னொன்றில் மூடிய கதவு. மேடம் வெளியே போய் மணி அடிப்பார். தலைவர் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று, திறந்த கதவைக் காட்டிவிட்டுத் திறப்பார். மேடம் “ரொம்ப நன்றிங்க” என்று உள்ளே வருவார். ரேடியோ அக்கா கைதட்டுவார். நாள் முழுக்க இதே கூத்து.

“மூடினதைக் காட்டினா என்ன பண்ணுவீங்க மேடம்?” என்று கேட்டேன்.

“ஏன் தம்பி எப்பவும் அபசகுனமாவே பேசறீங்க?”

ஆய்வு நாளன்று காலையில் மேடம் எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்தார். “அந்த ஆளு கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லணும். குழாய் ஒழுகறதைப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது. புரிஞ்சுதா?”

புரிந்தது என்று தலையாட்டினோம். ரேடியோ அக்கா மட்டும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வாளரின் கார் வந்து நின்றதும் மழையும் வந்தது. மேடம் குடையோடு வாசலுக்கு ஓடினார். கைப்பையும் அதனுள் சாவியும் உள்ளே மேசைமேல் இருந்தன. நான் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்பக்கம் ஓடினேன். என் சாவி ஆணியில் தொங்கும் சட்டைப்பையில் இருந்தது. வாசல் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும் ரகம். கொல்லைக் கதவுக்கு அந்த வசதி இல்லை என்றாலும் தலைவர் இருந்தார். திறந்து கிடந்தது, சாத்தினார், தாழ்ப்பாள் போட்டார்.

ஈரத் துணி மூட்டையோடு வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தேன். மேடமும் ஆய்வாளரும் ஒரே குடையில் ஆளுக்கொரு பாதி நனைந்துகொண்டு நின்றார்கள்.

“உங்க சாவி எங்க தம்பி?”

“உள்ள. உங்களது?”

மேடம் ஜன்னல் வழியாக மேசையைக் கைகாட்டினார். மணியை அடித்தார். ஜன்னலில் தலைவர் வந்தார். அவர் தோளுக்குப் பின்னால் ரேடியோ அக்கா.

“வணக்கம் தலைவரே! ஆய்வாளர் சார் வந்திருக்காரு. உள்ளே வரலாமா?” மேடம் குரலில் தேன் வடிந்தது.

தலைவர் ஆய்வாளரை உச்சந்தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார். என்னைப் பார்த்தார். அட்டைகளை எடுத்தார். மூடிய கதவைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

“இல்ல தலைவரே, அது இல்ல. இன்னொண்ணு.”

“ஏன், அதுவும் ஒரு தேர்வுதானே?” என்றார் ஆய்வாளர். ஒல்லியான மனிதர். சட்டையின் ஒரு கை மட்டும் நனைந்து ஒட்டியிருந்தது.

“தேர்வுதான் சார், இருந்தாலும்…”

“குழாய் ஒழுகறதைப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது!” என்று ஜன்னல் வழியாக அறிவித்தார் ரேடியோ அக்கா. “புரிஞ்சுதா?”

ஆய்வாளர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மழையைப் பார்த்தார்.

தலைவர் ஜன்னலை விட்டு அகன்றார். போனவர் மேடத்தின் கைப்பையோடு திரும்பினார். அதிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இது யாரோடது?”

“என்னோடது தலைவரே.”

“வீடு?”

“உங்களோடது.”

தலைவர் தன் வெறும் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டு, ஜிப்பை ஒழுங்காக இழுத்து மூடினார். அடுத்தவர் சாவி அவருக்கு வேண்டாம்.

“இவர்கிட்ட வாசல் சாவி இல்லையா?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“அவங்க தங்கச்சி சம்மதிக்கல சார்.”

“ஒப்பந்தத்துல தங்கச்சி கையெழுத்தா இருக்கு?”

மேடம் உடனே தங்கச்சிக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி, ஒலிபெருக்கியில் வைத்து, போனை ஜன்னல் இடுக்கில் நீட்டினார். நான் ஈரத் துணி மூட்டையை இடுப்பு மாற்றிக்கொண்டேன். ஆய்வாளர் தானாகவே அதில் பாதியை வாங்கிக்கொண்டார்.

“அண்ணா, என்ன அடம் இது? பாவம், அவங்க நனையறாங்க. கதவைத் திற.”

“சாவி.”

“நீ தொலைச்சிடுவண்ணா.”

தலைவர் அடுத்த சொல்லை வாய்க்குள் வெகுநேரம் வைத்திருந்தார்.

“நீயும் தொலைச்ச, பாப்பா. வீட்டுச் சாவி. சின்ன வயசுல.”

“அது… அது எப்பவோண்ணா.”

“அப்பா திட்டுனாரு. அப்புறம் வேற குடுத்தாரு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எனக்கு ஒண்ணுகூட குடுக்கல.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று மேடம் போனை உதறிப் பார்த்தார்.

“குடுத்துடுங்க மேடம்” என்றது போன். “என்னைக் கேக்காதீங்க. அவர் வீடு.”

“குடுத்துடறேன் தலைவரே. கண்டிப்பா. பார்க்க…” மேடம் அந்தச் சொல்லைப் பாதியிலேயே விழுங்கினார்.

தலைவர் அட்டைப் பையைத் துழாவினார். இரண்டு அட்டைகளை எடுத்து, மேடம் எப்படிப் பிடிப்பாரோ அப்படியே, இரண்டு கையிலும் ஒரே உயரத்தில் பிடித்தார். ஒன்றில் செருப்பு. மற்றொன்றில் டீக் கோப்பை.

“இப்பவே சாவிக்கடைக்குப் போறமா? டீ குடிச்சிட்டுப் போறமா?”

ஆய்வாளர் இருமினார். அது இருமல் இல்லை.

மேடம் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தார். அட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றாவது அட்டை இருக்கிறதா என்று அவர் தேடினார்.

“டீ குடிச்சிட்டு” என்றார்.

கதவு திறந்தது. தலைவர் ஒதுங்கி நின்று, “வாங்க சார்” என்றார். ஆய்வாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, “ரொம்ப நன்றிங்க” என்று உள்ளே வந்தார். ரேடியோ அக்கா கைதட்டினார்.

டீ குடித்த கையோடு கிளம்பினோம். ஆய்வாளரும் கூடவே வந்தார். தெருமுனையில் செருப்புத் தைப்பவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி அளவுக்குச் சாவிக்கடை. கடைக்காரர் என் சாவியை மாதிரிக்கு வாங்கி இயந்திரத்தில் மாட்டினார். அது கீச்சென்று கத்தியது. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார், கண்ணை மூடவில்லை.

“எத்தனைங்க?” என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.

“அவரைக் கேளுங்க.”

“ரெண்டு” என்றார் தலைவர்.

“தொலைஞ்சா இருக்கட்டும்னா?” என்றார் ஆய்வாளர்.

தலைவர் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “அக்காவுக்கு.”

ரேடியோ அக்காவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார் என்பது இத்தனை அமர்க்களத்திலும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆய்வாளர் சட்டைப்பையைத் தொட்டு, பேனாவை எடுக்காமலே கையை இறக்கினார். நான் திரும்பும் வழியில் இருந்த மின்கம்பத்தை ஆராய்ந்துகொண்டு வந்தேன்.

ஆய்வின் முடிவு பிறகு வந்தது. சுமார், முன்னேற்றம் தேவை, குழாயை உடனே சரிசெய்யவும். மேடம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்தான் மூடிய கதவு என்று முதலில் வாயைத் திறந்தவன்.

தலைவர் சாவியை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கடைக்குப் போகாத நாளிலும் வெளியே போய், பூட்டி, திறந்து, உள்ளே வருவார். அடுத்த வாரமே தொலைத்தார். கயிறு இருந்தது, சாவி இல்லை. தங்கச்சி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“நான் அப்பவே சொன்னேன்ல?”

தலைவர் உள்ளங்கையை நீட்டினார். “வேற.”

தங்கச்சி கையை இடுப்பிலிருந்து இறக்கினார். பிறகு, “வாண்ணா, மழை வர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்” என்று கிளம்பினார். ஸ்கூட்டர் சாவியைத் தேடத்தான் நேரம் பிடித்தது. தொலைந்த சாவி அப்புறம் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்ளிருந்து பளபளவென்று வந்தது.

நேற்றுக் காலை வேலைக்குப் போனேன். பழக்கதோஷத்தில் என் சாவியைப் போட்டுத் திருப்பினேன். திரும்பியது, கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலில் தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“தலைவரே, நான்தான். திறங்க.”

அவர் அவசரப்படவில்லை. கையை முன்னால் கொண்டுவந்தார். இரண்டு அட்டைகள். ஒன்றில் மணி, மற்றொன்றில் கதவைத் தட்டும் கை.

நான் மணியை அடித்தேன்.

“யாரு?” என்றார் தலைவர், கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.