எந்தத் தேதியில் போடுவீங்க?

திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண மஹாலைப் பிடித்து 'பதில் உங்களிடம்' நிகழ்ச்சியின் மதுரைச் சுற்றைப் படம்பிடித்தார்கள். மணமேடையில் நீல விளக்கு, இரண்டு பஸ்ஸர் மேசை. மேக்கப் போட மணமகள் அறை. நான் அதற்குள் நுழைந்ததும் செல்லக்கிளி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டி ரோகிணி, எப்படியோ பொண்ணு ரூமுக்குள்ள வந்துட்ட. உங்கப்பாவுக்குப் பாதி பாரம் குறைஞ்சுச்சு."

என்னோடு சேர்ந்து குரூப் டூ தேர்வுக்குப் படிக்கிறவள். துணைக்கு வந்தவள் வாயை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசுத் தேர்வில் இரண்டு முறை கட்-ஆஃபுக்குப் பக்கத்தில் போய் விழுந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் என்பதால் சொந்த ஊரான எழுமலையிலிருந்து போன் பேசுகிற சித்தப்பா பெரியப்பா எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இன்னுமா படிக்கிற?" தேர்வில் தோற்றால் எந்தக் கேள்வியில், யாரிடம் தோற்றோம் என்று தெரியாது. ஒரு நம்பர் வரும், அவ்வளவுதான். இங்கே எதிராளி கண்ணெதிரே நிற்பான். சரியா தப்பா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஜெயித்தால் சென்னையில் இறுதிப் போட்டி. அந்த மேடையில் நான் நிற்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

எனக்கு எதிராளி ராஜகுரு. காமராஜர் சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பையன், இன்ஜினியர். இஸ்திரி போட்ட சட்டை. கூடவே அவன் அம்மா. இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் பவதாரிணி மேடம் சென்னையிலிருந்து வந்தவர். கழுத்தில் ஹெட்போனோடு வந்து விதிகளைச் சொன்னார். கேள்வி முடிவதற்கு முன்பே பஸ்ஸரை அமுக்கலாம். ஆனால் அமுக்கியவுடன் கேள்வி நின்றுவிடும், விடை தப்பானால் மதிப்பெண் போய்விடும்.

"வேற சந்தேகம் ஏதாவது?"

"இது எப்ப டிவில வரும் மேடம்?" என்று கேட்டான் ராஜகுரு.

"செப்டம்பர் முதல் வாரம்."

"எந்தத் தேதியில் போடுவீங்க?"

"அஞ்சு."

அவன் தலையாட்டினான். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல நினைக்கிறவன் என்றால் அம்மா பக்கம் திரும்பியிருப்பான். இவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் லேசாக அசைந்தது. அப்போது ஜூலை மாதம். செப்டம்பர் ஐந்தில் இவனுக்கு என்ன வந்தது?

"தேதி எதுக்குண்ணே?" என்று நேராகவே கேட்டேன்.

"சும்மா" என்றான்.

இந்தச் 'சும்மா' எனக்குப் பிடிக்காது. சும்மா கேட்கிறவன் ஒரு தடவை கேட்பான். முதல் வாரம் என்று சொன்ன பிறகும் தேதி கேட்க மாட்டான்.

மேடைக்குப் போனோம். அவனியாபுரம் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டே அங்கே வண்டி ஓட்டும் எங்கள் அப்பா அழகுபாண்டியோடு வந்து நான்கு வரிசையைப் பிடித்திருந்தது. தொகுப்பாளர் சூர்யபிரகாஷ் சிரித்துக்கொண்டே கேள்வி அட்டையை எடுத்தார்.

"மனிதன் செய்து அனுப்பியதில், பூமியை விட்டு வெகுதூரம்..."

பஸ்ஸர். ராஜகுரு.

"வாயேஜர் ஒன்று."

சரி. எனக்கும் தெரியும். நான் படித்தது இயற்பியல். ஆனால் எனக்குக் கேள்வியை முடிவுவரை கேட்டுத்தான் பழக்கம். எங்கள் தேர்வில் கடைசி வார்த்தையில்தான் கண்ணி வைப்பார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற கேள்வி 'இவற்றுள் தவறானது எது?' என்று முடியும். அவசரப்பட்டவன் அடுத்த வருடம் மறுபடி எழுதுவான். அதனால் என் விரல் பஸ்ஸர் மேலேயே இருந்தும் அமுங்கவில்லை.

பிறகு சில சாதாரணக் கேள்விகள் வந்தன. வேதியியல், கிரிக்கெட், ஆறுகள். அவற்றில் அவனும் காத்திருந்தான், நான் இரண்டை எடுத்தேன். ஸ்டாண்ட் மொத்தமும் விசிலடித்தது.

"அல்பேனியக் குடும்பத்தில் பிறந்து..."

பஸ்ஸர். "அன்னை தெரசா."

"கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும்..."

பஸ்ஸர். "வ.உ. சிதம்பரனார்."

சூர்யபிரகாஷ் அசந்துபோய் அவனைப் பார்த்து, "தம்பி, நான் வாயைத் திறக்கட்டுமா வேண்டாமா?" என்றார். சபை சிரித்தது. எனக்குக் காது சூடானது. சில கேள்விகளில் மின்னல் மாதிரி, சில கேள்விகளில் என்னைப் போல. ஏன்?

இடைவேளைக்குள் நான் எப்படியோ தட்டித் தடவி மதிப்பெண்ணைச் சமன் செய்திருந்தேன். இனி ஒரே கேள்வி பாக்கி. செல்லக்கிளி டீயோடு ஓடி வந்தாள்.

"லீக்குடி! அவங்கம்மா சௌராஷ்டிராவுல சொல்லிக் குடுக்குது. நான் பாத்தேன்."

"என்ன சொல்லுச்சு?"

"எனக்கென்ன தெரியும்? பக்கத்துல ஒரு அக்கா அவங்க ஆளு. அவங்ககிட்ட கேட்டேன். சட்டைய இழுத்துவிடு, நேரா நில்லுனு சொல்லுதாம்."

"அதுல எங்கடி இருக்கு வாயேஜரு?"

"அதான் எனக்கும் புரியல" என்று டீயை அவளே குடித்தாள்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கேள்வி நடக்கும்போதெல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடியிருந்தவர். பாவம், என் அப்பாவைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தார். இது அவர் வேலை இல்லை.

அப்படியானால் எது? வாயேஜர், தெரசா, சிதம்பரனார். விண்கலம், கன்னியாஸ்திரி, கப்பல். ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஆனாலும் மூன்றும் ஏதோ ஒரு கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், கயிற்றின் முனை அவன் கையில் இருக்க வேண்டும். எனக்குக் கோபம் போய்விட்டது. தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தலைக்குள் தேதிகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். யார் பிறந்தார், யார் இறந்தார், எந்தத் தினம் எதற்கு. நான் அதைத் தட்டிப் பார்த்தேன். சிதம்பரனார் பிறந்தது செப்டம்பர் ஐந்து. தெரசா இறந்தது செப்டம்பர் ஐந்து. வாயேஜர்? கல்லூரி செமினாரில் நடுங்கிக்கொண்டே நான் ஒப்பித்த முதல் வரி: 1977 செப்டம்பர் ஐந்தில் ஏவப்பட்டது.

எந்தத் தேதியில் போடுவீங்க?

அடப்பாவி!

நிகழ்ச்சி எந்த நாளில் ஒளிபரப்பாகிறதோ அந்த நாளுக்குப் பொருத்தமாகச் சில கேள்விகளை வைக்கிறார்கள். பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்து அதை அவன் கண்டுபிடித்திருக்கிறான். திருட்டு இல்லை. மூளை. எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கை குலுக்கவும் தோன்றியது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. செப்டம்பர் ஐந்து என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஆசிரியர் தினம் இன்னும் கேட்கப்படவில்லை.

விளக்குகள் எரிந்தன. நானும் அவனும் விரலை வைத்தோம்.

"ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இவர் கிளம்பியபோது, மாணவர்கள் வண்டியின் குதிரைகளை..."

என் விரல் அமுங்கியது. மைசூரில் மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்த கதை.

"சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்."

கைதட்டல் வரும் என்று பார்த்தேன். சூர்யபிரகாஷ் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடைக்குக் கீழே பார்த்தார்.

"கட்!" என்றார் பவதாரிணி.

அவர் மேடை ஏறி வந்தார். "இவ்வளவு நேரம் முழுக் கேள்வியும் கேட்டுத்தானே பதில் சொன்னீங்க? திடீர்னு குதிரைன்னதும் எப்படிம்மா ராதாகிருஷ்ணன்?"

"தெரியும் மேடம்."

"பிரேக்ல உங்க பிரெண்டு மேடைக்கு வந்தாங்க. அட்டை எல்லாம் இந்த மேசையிலதான் இருந்தது."

அவர் என்ன சொல்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆனது. தேர்வு எழுதுகிறவளுக்கு இதைவிட மோசமான பெயர் கிடையாது. ஊர் முழுக்க டிவியில் பார்க்கும்.

"அது டீ குடிக்கத்தான் வந்துச்சு" என்றேன். "இவரு மூணு தடவ பாதியில அமுக்குனாரு. அப்ப சிரிச்சீங்க. நான் ஒரு தடவ அமுக்குனா கட்டா?"

கீழே அப்பா எழுந்துவிட்டார். "யாரப் பாத்து என்ன சொல்றீங்க? எம் புள்ள..."

"அப்பா, உக்காருங்க. நான் பேசிக்கிறேன்."

ராஜகுருவைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், வேற நாளுக்கு வச்சிருக்கிற அட்டை இருக்கும்ல? ஏதாவது ஒரு கவரைப் பிரிங்க. அதுல நாள் சம்பந்தமா நீங்க வச்ச கேள்வி ரெண்டு படிங்க. நான் விடை சொல்ல மாட்டேன். அது எந்தத் தேதியில டிவில வரும்னு சொல்றேன்."

பவதாரிணியின் முகம் மாறியது. கோபம் மாதிரி இல்லை. என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்கிற முகம். பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்து, மேலே எழுதியிருந்த தேதி தெரியாமல் கையால் மூடிக்கொண்டு பிரித்தார்.

"வளிமண்டலத்தின் எந்தப் படலத்தைக் காக்க மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது?"

தேதி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனாலும் நான் குரூப் டூ எழுதுகிறவள்.

"அடுத்தது படிங்க."

"பாரத ரத்னா விருது பெற்ற முதல் இசைக்கலைஞர் யார்?"

எம்.எஸ். சுப்புலட்சுமி. இந்த ஊரில் பிறந்தவருடைய பிறந்தநாள் எனக்குத் தெரியாமல் போகுமா?

"ஓசோன் தினமும் அவங்க பிறந்தநாளும் ஒண்ணு. செப்டம்பர் பதினாறு."

பவதாரிணி கையை எடுத்தார். சூர்யபிரகாஷ் எட்டிப் பார்த்து, மைக்கில் இல்லாமல் தன் சொந்தக் குரலில், "யம்மாடி" என்றார். ஸ்டாண்டில் பாதிப்பேருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. ஆனாலும் விசிலடித்தார்கள்.

"அவங்க சொல்றது சரிதான் மேடம்" என்றான் ராஜகுரு. "நானும் அப்படித்தான் அமுக்கினேன்."

"அதை அப்பவே சொல்றதுக்கு என்னண்ணே?" என்று பாய்ந்தேன். "நான் வெளிய போனா சென்னைக்கு நீங்க போகலாம்னா?"

"அதுவும் ஒரு நிமிஷம் தோணுச்சு" என்றான் மறைக்காமல். "ஆனா அதைவிட, நீங்க நெசமாவே கண்டுபிடிச்சீங்களா, இல்ல லீக்கான்னு எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு. நான் ஒரு வருஷமா எல்லா எபிசோடும் பாத்துத்தான் பிடிச்சேன். நீங்க எந்தக் கேள்வில பிடிச்சீங்க?"

"கேள்வில இல்ல. நீங்க சும்மான்னு சொன்னீங்கள்ல, அதுல."

அவன் சிரித்துவிட்டான். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பவதாரிணி ஹெட்போனைக் கழற்றினார். "மதிப்பெண் ரோகிணிக்குத்தான். மன்னிச்சிடுங்க. ரெண்டு நல்ல கேள்வி வீணாப் போச்சு, அது என் கவலை. ஆனா அந்தக் கடைசி ஷாட் மட்டும் திரும்ப எடுத்துக்கலாம். சூர்யா முழுக் கேள்வியும் படிக்கட்டும், அப்புறம் அமுக்குங்க. இல்லன்னா பாக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

"ராஜகுரு அமுக்குனதையும் திரும்ப எடுப்பீங்களா?"

அவர் ஹெட்போனை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"அவரு வாயேஜரு பாதியிலேயே நிக்கும்னா என்னுதும் குதிரையிலேயே நிக்கட்டும். நம்பாதவங்க நம்ப வேணாம். நான் முழுசா கேட்ட மாதிரி நடிக்க மாட்டேன்."

கீழிருந்து செல்லக்கிளி, "விடுங்க மேடம், அவ அப்படித்தான்" என்று கத்தினாள்.

பவதாரிணி கேமராக்காரரிடம், "எடுத்தது அப்படியே இருக்கட்டும். கைதட்டல் மட்டும் எடுங்க" என்றார்.

கைதட்டல் எடுத்தார்கள். ராஜகுருவின் அம்மா அவனிடம் ஏதோ சொல்ல, அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கைதட்டினான்.

கிளம்பும்போது பவதாரிணி சென்னை இறுதிப் போட்டிக்கான விவரங்களைச் சொன்னார். எந்த ரயில், எங்கே தங்குவது, யாரைக் கூட்டி வரலாம். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

"மேடம், அந்த இறுதிப் போட்டிய எந்தத் தேதியில போடுவீங்க?"

"அதை மட்டும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்றார்.